அம்மாளுக்கு விழுந்த சீட்டு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன ரகரம் எங்கே வரும், பெரிய றகரம் எங்கே வரும் என்பது இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. பிழைகளைத் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பாடசாலைக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியை, கிணற்றுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆறாம் வகுப்புக் கொட்டகை எப்படி வந்தது என்று ஊரில் பலரிடம் கேட்டிருக்கிறார். ஆளுக்கொரு கதை சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் என்னிடம் வந்து, “மாட்டுக் கயிறு உங்கடை கையிலைதானே இருந்தது, நீங்கள் சொல்லுங்கோ” என்றார். எனக்கு ஆட்களுக்கு முன்னால் வாய் வராது. வியர்க்கும். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் தாளை எடுப்பதும் வைப்பதுமாகவே போய்விட்டது.

காட்டை வெட்டி, குளத்தைத் திருத்தி, யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து எங்களைக் கொண்டுவந்து குடியேற்றி அப்போது ஐந்தாறு வருடம் இருக்கும். வயல் விளையத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடமும் இருந்தது. ஆனால் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். அதற்கு மேலே படிக்க வேண்டுமென்றால் பரந்தனுக்கு பஸ் ஏற வேண்டும். பஸ் ஓடும் றோட்டுக்கே யானை திரியும் காட்டுக்குள்ளால் நடக்க வேண்டும். பெடியன்கள் சிலரை யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீடுகளில் விட்டுப் படிப்பித்தார்கள். பெண் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு குசினிக்குள் அடுப்பூதப் போனார்கள்.

என் மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஒரே பிள்ளை. படிப்பில் சுட்டி. நான் எழுதும் கடிதங்களை அவள்தான் திருத்துவாள். வருட முடிவோடு அவளும் என்னைப் போல நின்றுவிடப் போகிறாள் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

பள்ளிக்கூடங்களை மேற்பார்க்கும் வித்தியாதிகாரி வந்தபோது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். தை மாதத்துக்குள் கூரையும் அரைச் சுவரும் உள்ள ஒரு கொட்டகை போட்டுத் தந்தால், ஆறாம் வகுப்புக்கு ஒரு வாத்தியாரை அனுப்புவேன் என்றார். பெற்றோர் சங்கம் கூடியது. லொத்தர் நடத்தலாம், பரிசாக ஒரு மாடு வைக்கலாம் என்று முடிவு செய்தோம். சங்கத்தின் செயலாளர் சந்தியில் கடை வைத்திருந்தவர். ஊரில் எல்லாரும் அவரை முதலாளி என்போம். சீட்டு அச்சடிப்பது, விற்பது, மாடு வாங்குவது எல்லாம் அவர் பொறுப்பு. காசும் அவர் கையில். வேறு யாருக்கும் அதற்கு நேரமுமில்லை, தைரியமுமில்லை.

மாட்டைக் குலுக்கல் நாள் வரைக்கும் கட்டி வைக்க இடம் வேண்டும். என் காணி பள்ளிக்கூடத்துக்கு எதிரே. முதலாளி கூட்டத்தில் என்னைக் காட்டிச் சிரித்தார்.

“இவரின்ரை வளவிலை கட்டுவம். இவரும் கதைக்கமாட்டார், மாடும் கதைக்காது. நல்ல சோடி.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாங்குளத்தில் ஒருவனிடம் வாங்கியதாகச் சொல்லி முதலாளி கொண்டுவந்தது ஒரு நாகு, அதாவது இன்னும் கன்று போடாத இளம் பசு. சாம்பல் நிறம். கண்ணைச் சுற்றிக் கறுப்பு. வலது காதின் நுனியில் ஒரு வெட்டு இருந்தது. நாய் கடித்திருக்கும் என்று நினைத்தேன்.

அதைக் கட்டிய அன்றைக்கே என் வளவில் ஏதோ மாறிவிட்டது. என்னவென்று சொல்ல எனக்குச் சரியான சொல் இல்லை. என் நாய் காற்றுக்கும் குரைக்கும் நாய். அது இந்த மாட்டைப் பார்த்துக் குரைக்கவில்லை. வேலியோரமாகப் போய்ப் படுத்துக்கொண்டது. என்னுடைய இரண்டு மாடுகளும் வைக்கோலை விட்டு விலகி இதற்கு இடம் கொடுத்தன. வயலிலிருந்து வரும் கொக்குகள் என் மாடுகளின் முதுகில் ஏறி இருக்கும். இதன் முதுகில் ஒரு கொக்குக்கூட இருந்ததில்லை.

எப்படிக் கட்டினாலும் அது கிழக்கே பார்த்துத்தான் நிற்கும். கிழக்கே காடு.

உச்சி வெயிலில்தான் பயமாக இருக்கும். அந்த நேரத்தில் எங்கள் குடியேற்றத்தில் ஒரு சத்தமும் இருக்காது. வாய்க்கால் தண்ணீர்கூட நின்றுவிட்டது போல இருக்கும். நான் வயலிலிருந்து வந்து பார்த்தால் கயிறு அவிழ்ந்து கிடக்கும். அறுந்திருக்காது, அவிழ்ந்திருக்கும். மாடு வேலிப் படலையடியில் நிற்கும். படலை திறந்து கிடந்தாலும் வெளியே போகாது. யாரோ வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டுமென்று காத்திருப்பது போல நிற்கும்.

“நீர்தான் அவிட்டனீரோ?” என்று மனைவியைக் கேட்டேன்.

“எனக்கென்ன விசரோ? நான் அதுக்குக் கிட்டப் போறதேயில்லை. அது என்னைப் பாக்கிற பார்வை வீட்டுக்கு வந்த ஆள் பாக்கிற மாதிரி இருக்கு.”

குளத்துக்கு அப்பால் பழைய ஊர் ஒன்று உண்டு. எங்களுக்கு முந்தி, எத்தனையோ தலைமுறையாகக் காட்டுக்குள்ளேயே இருந்த சனம். அங்கேயிருந்து ஒரு பெண் தயிர்ச் சட்டி சுமந்து எங்கள் பக்கம் வருவாள். சத்தமாகக் கதைப்பாள், கடனுக்கும் தருவாள். ஒருநாள் படலையைத் திறந்தவள் மாட்டைக் கண்டதும் அப்படியே நின்றாள். தலையிலிருந்த சட்டியை இறக்கி நிலத்தில் வைத்தாள். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடினாள். பிறகு சட்டியையும் எடுத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு குலுக்கல் முடியும் வரைக்கும் எங்கள் வாய்க்கால் பக்கமே அவள் வரவில்லை.

குலுக்கல் ஒரு ஞாயிறு பின்னேரம், பள்ளிக்கூட முற்றத்தில் நடந்தது. சீட்டு விற்ற விதத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சீட்டு வாங்குபவரின் பெயரை அடிக்கட்டையில் எழுதி வைத்துக்கொண்டு, இலக்கமுள்ள துண்டை அவர் கையில் கொடுப்பார்கள். எங்கள் சனம் தங்கள் பெயரை எழுதுவிப்பதில்லை. எங்கள் பெயருக்கு எங்கே அதிர்ஷ்டம் என்று சாமி பெயரை எழுதச் சொல்வார்கள். பிள்ளையார் என்றும் முருகன் என்றும் அம்மாள் என்றும் அடிக்கட்டைகள் நிறைந்து கிடந்தன. அதில் குழப்பமில்லை. இலக்கத்தை வைத்திருப்பவர் துண்டைக் காட்டினால் பரிசு அவருக்கு. ஒரு கிழமைக்குள் யாரும் காட்டாவிட்டால் மாடு திரும்பச் செயலாளரிடம் போகும், அவர் விற்றுக் கணக்கில் சேர்ப்பார் என்று முதலாளி ஒரு விதி போட்டிருந்தார். அப்போது யாரும் அதை யோசிக்கவில்லை.

அடிக்கட்டைகளை மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் போட்டுக் குலுக்கினார்கள். ஒரு பிள்ளையைக் கொண்டு எடுப்பிக்க வேண்டுமென்று தலைமை ஆசிரியர் சுற்றிப் பார்த்து என் மகளைக் கூப்பிட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாள். தலைமை ஆசிரியர் அவள் எடுத்ததை வாங்கி முதலில் இலக்கத்தை வாசித்தார். பிறகு பெயரை வாசித்தார்.

“அம்மாள்.”

சனம் சிரித்தது. “ஆரின்ரை அம்மாள்? கையைத் தூக்குங்கோ!” என்று யாரோ கத்தினார்கள். அம்மாள் பெயரில் வாங்கியவர்கள் எல்லாரும் மடியை அவிழ்த்துத் துண்டைப் பார்த்தார்கள். ஒருவருடையதும் இல்லை. தலைமை ஆசிரியர் இலக்கத்தை இன்னொருமுறை வாசித்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

அப்போதுதான் எல்லாரும் முதலாளியைப் பார்த்தோம். அவர்தான் இந்த நேரத்தில் பகிடி விட்டுச் சிரிப்பிக்க வேண்டியவர். அவர் முகம் சாம்பல் பூத்துப்போய் இருந்தது. “அந்தத் துண்டை ஒருக்கால் தாருங்கோ, மாஸ்ரர்” என்று வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, “ஒரு கிழமை பொறுப்பம்” என்று சொல்லிவிட்டு, தான் இருந்த கதிரையில் போட்டிருந்த சால்வையையும் எடுக்காமல் போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில் தயிர்க்காரி வந்தாள். வளவுக்குள் வரவில்லை. படலைக்கு வெளியே நின்று என் மனைவியைக் கூப்பிட்டாள்.

“பிள்ளை, சீட்டு ஆருக்கு விழுந்தது எண்டு கேள்விப்பட்டன். இனியாவது விட்டுவிடுங்கோ.”

“என்னத்தை அக்கா விடுறது?”

“அந்தக் காதைப் பாக்கேல்லையோ? அது நேர்ந்துவிட்ட மாடு. காட்டுக் கோயில் அம்மாளின்ரை. நோய் வருத்தம் மாறினால் உனக்கு ஒரு நாகு எண்டு நேர்ந்து, காதிலை அடையாளம் வெட்டி விட்டிடுவம். ஒருத்தரும் கட்டமாட்டினம், கறக்கமாட்டினம். அது தன்ரை பாட்டிலை திரியும். எந்தப் பாவியோ பிடிச்சு வித்திருக்கிறான்.”

“ஏன் அக்கா முந்தியே சொல்லேல்லை?”

“நான் சொல்லி என்ன? தன்ரை மாட்டை அம்மாளே கேப்பா எண்டு இருந்தனாங்கள். கேட்டிட்டா.”

யாழ்ப்பாணத்தில் நாங்கள் மாட்டைக் கட்டி வளர்ப்பவர்கள். காதில் வெட்டிவிடும் வழக்கம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

மத்தியானத்துக்குள் கதை எல்லா வாய்க்கால் குடியிருப்புகளுக்கும் போய்விட்டது. பங்குனி வெயில் ஏறும் காலம். அம்மாள் வருத்தம் என்று நாங்கள் சொல்லும் அம்மை நோய் வீடு வீடாக வரும் காலம். படலைகளில் வேப்பங்கொத்துகள் தொங்கத் தொடங்கின. பரிசு தங்களுக்கு விழாததற்குச் சனம் கும்பிட்டது. அன்றைக்கே தலைமை ஆசிரியர் என்னிடம் வந்தார். அவருக்கு வேறு கவலை.

“நான் முதலாளியிட்டைப் போனனான். காசைத் தாருங்கோ, மரம் தறிக்க ஆள் பிடிக்க வேணும் எண்டனான். மாடு நல்ல விலை, சீட்டு பாதிக்கு மேலை விக்கேல்லை, மிச்சம் ஒண்டுமில்லை எண்டு கதவைச் சாத்திப்போட்டார். கொட்டகை இல்லையெண்டால் ஆறாம் வகுப்பு இல்லை. உங்கடை மகளுக்கு நான் இனி என்ன சொல்லுறது?”

 மகள் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் போனதும் மனைவி சொன்னாள்: “இஞ்சாருங்கோ, சீட்டை எடுத்தது எங்கடை பிள்ளையின்ரை கை. இந்த மாடு இனி ஒரு பொழுதும் இஞ்சை நிக்கக் கூடாது. வாங்கினவரிட்டைக் கொண்டுபோய் விடுங்கோ. காசையும் கேளுங்கோ.”

அடுத்த நாள் உச்சி வெயிலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சந்திக்கு நடந்தேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். மாட்டைப் பிடியுங்கோ. பள்ளிக்கூடத்துக் காசைத் தாருங்கோ. அவ்வளவுதான். கடை வாசலுக்குப் போனதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. முதலாளி உள்ளே கதிரையில் இருந்தார். நான் வாசலில் நின்றேன். மாடு என் பக்கத்தில் நின்றது. எப்போதும் கிழக்கே பார்க்கும் மாடு அன்றைக்குக் கடைக்குள்ளே பார்த்துக்கொண்டு நின்றது.

“என்ன தம்பி?” என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. வரவில்லை.

சாமான் வாங்க வந்த இரண்டு பெண்கள் மாட்டைக் கண்டு திரும்பிப் போனார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, செருப்பைக் கழற்றி, தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. சந்தியே வெறிச்சோடிப் போனது. கடைக்குள் ஈ பறக்கும் சத்தம் கேட்டது.

“மாட்டைக் கட்டிப்போட்டுப் போமன். ஏன் காணும் நிக்கிறீர்?”

நான் நின்றேன்.

“ஆர் உம்மை அனுப்பினது? மாஸ்ரரோ? இல்லை அந்தக் காட்டுச் சனமோ? என்ன தெரியும் உமக்கு?”

எனக்கு ஒன்றும் தெரியாது. அதைச் சொல்லவும் தெரியவில்லை. என் மௌனத்தை அவர் என்னவென்று எடுத்தாரோ, எழும்பி வாசலுக்கு வந்தார். மாட்டைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“சரி. விக்காத சீட்டுப் புத்தகங்கள் கிடந்தது. அதிலை நான்தான் பேர் எழுதித் தகரத்துக்குள்ளை போட்டனான். அதிலை ஒண்டு விழுந்தால் ஒருத்தரும் வரமாட்டினம், மாடு எனக்கு மிஞ்சும். நானென்ன வீட்டையா உடைச்சனான்? மாட்டையும் அவன் மலிவாத்தான் தந்தவன். ஏனெண்டு நான் கேக்கேல்லை.”

சந்தியை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். 

“ஆனா தம்பி, நான் பிள்ளையார் எண்டு எழுதினனான். முருகன் எண்டு எழுதினனான். வைரவர் எண்டு எழுதினனான். அம்மாள் எண்டு நான் எழுதேல்லை. பங்குனி மாதத்திலை அவவின்ரை பேரிலை விளையாட எனக்கு மனம் வரேல்லை. என்ரை பிள்ளையாணை எழுதேல்லை. அந்த இலக்கம் என்ரை விக்காத புத்தகத்திலைதான் கிடந்தது. அடிக்கட்டை கிழிக்கிற வரைக்கும் அந்தப் புத்தகம் என்ரை அலுமாரியை விட்டு வெளியிலை போனதேயில்லை. எழுத்தும் என்ரை எழுத்து மாதிரித்தான் இருக்கு. நான் எழுதேல்லை.”

அன்றைக்கு அடித்த வெயிலில் எனக்குக் குளிர்ந்தது.

அவர் உள்ளே போய், ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். “வித்த காசு முழுக்க இருக்கு. மாட்டு விலையைக் கழிக்கேல்லை. மாஸ்ரரிட்டைக் குடும். நாளைக்கு விடிய நானும் வாறன். மாட்டை அங்கை கொண்டுபோய் விடுவம். இப்ப இதைக் கொண்டு போம். தயவுசெய்து கொண்டு போம்.”

மறுநாள் காலை தலைமை ஆசிரியர், முதலாளி, நான் மூன்று பேரும் புறப்பட்டோம். குளக்கட்டைத் தாண்டியதும் மாட்டை அவிழ்த்துவிட்டேன். அது எங்களுக்கு முன்னால் நடந்தது. பாலை மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை பல இடத்தில் பிரிந்தது. அது ஓரிடத்திலும் நின்று யோசிக்கவில்லை. நாங்கள் பின்தங்கினால் நின்றது. வந்து சேர்ந்ததும் நடந்தது. காட்டுக்குள் ஒரு குருவிச் சத்தமில்லை.

கோயில் என்றால் கட்டிடம் இல்லை. பெரிய மரத்தடியில் நாலைந்து சூலங்கள், முன்னால் ஒரு கல். பூசாரியார் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். மரத் தொட்டியில் தண்ணீர் புதிதாக நிறைந்திருந்தது. அதன் விளிம்பு இன்னும் ஈரமாக இருந்தது. மாடு நேரே போய்க் குடித்தது. எங்கள் வீட்டில் அது வாய் வைத்துக் குடித்து நான் கண்டதில்லை.

“வந்திட்டாவோ” என்றார் பூசாரியார், நிமிராமலே.

முதலாளி மண்ணில் விழுந்து கும்பிட்டார். ஏதோ சொல்லத் தொடங்கினார். பூசாரியார் கையை அசைத்தார். “என்னட்டைச் சொல்ல வேண்டாம்” என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து கூட்டினார். யார் பிடித்தது, யார் விற்றது என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது மாட்டைக் காணவில்லை. காட்டில் ஒரு கிளைகூட அசையவில்லை.

சங்கம் திரும்பக் கூடியது. காசைச் சனத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றார் தலைமை ஆசிரியர். அவர் நேர்மையான மனிதர்.  ஒருவரும் கை நீட்டவில்லை.

“ஏன் மாஸ்ரர் திருப்பித் தாறியள்?” என்றார் எங்கள் வாய்க்காலைச் சேர்ந்த ஒருவர். “சீட்டு விழுந்தது. விழுந்த ஆள் பரிசை எடுத்துக்கொண்டு போயிட்டா. லொத்தர் சரியாத்தான் நடந்திருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி பின்னால் கடைசி வாங்குப் பலகையில் இருந்தார். கூரைக்கு வேண்டிய ஓலை முழுவதும் தன்னுடைய செலவு என்று எழும்பிச் சொல்லிவிட்டுத் திரும்ப இருந்தார். அதற்குப் பிறகு அவர் சங்கத்தில் பொறுப்பு ஒன்றும் எடுக்கவில்லை. கடையிலும் வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் கதிரையைப் போட்டிருந்தார்.

கொட்டகை தை மாதத்துக்கு முன்பே எழும்பியது. அதிகாரி சொன்னபடி யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாத்தியாரை அனுப்பினார். ஆனால் பள்ளிக்கூடம் தொடங்கிய அன்றைக்கு ஆறாம் வகுப்புக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. காசைத் திருப்பி வாங்கப் பயந்த சனம், அந்தக் காசில் கட்டிய கூரைக்குக் கீழே பிள்ளையை இருத்தவும் பயந்தது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மனைவியும் அழுதாள். “சீட்டை எடுத்த கையையே அங்கை கொண்டுபோய் இருத்தப் போறியளோ?”

 மகளைப் பார்த்தேன். அவள் தலையை வாரி இழுத்துக்கொண்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, சிலேற்றோடு நின்றாள். படலையைத் திறந்துவிட்டேன். அவள் றோட்டைக் கடந்து போய், அந்தப் பெரிய வெறும் கொட்டகைக்குள் முன் வாங்கில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாத்தியார் கரும்பலகையில் எழுதத் தொடங்கினார். அன்றைக்கு நான் வயலுக்குப் போகவில்லை.

பின்னேரம் வந்தவளைக் கேட்டேன்.

“தனிய இருக்கப் பயமா இருந்ததோ, மோனை?”

“இல்லை அப்பா. பின் வாங்கிலை ஒரு ஆள் இருக்கிற மாதிரி இருந்தது.”

“திரும்பிப் பாத்தனியோ?”

“இல்லை.”

“ஏன்?”

“பாத்தால் எழும்பிப் போயிடுவா எண்டு.”

அடுத்த நாளும் அவள் போனாள். அந்தக் கிழமை முழுவதும் ஒருத்தியாகவே இருந்து படித்தாள். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

எழுதி முடித்தது: ஆவணி மாதம் பத்தாம் நாள், 1969.